நானோ அளவில் மெக்னீசியம் ஹைட்ரைடு: செய்வது எப்படி, செய்தால் வெப்பநிலை குறையுமா?

ஹைட்ரஜனைச் சேமிக்கப் பயன்படும் சேர்மமான மெக்னீசியம் ஹைட்ரைடை நானோ அளவுக்குக் கொண்டுபோனால் அறை வெப்பநிலையிலேயே ஹைட்ரஜன் வெளிவந்துவிடும் என்று படித்ததாகச் சொல்கிறீர்கள். ஆய்வகத்தில் ஒரு பந்து அரைவை இயந்திரம் (சுழலும் குடுவைக்குள் பந்துகள் மோதிப் பொடியை நொறுக்குவது) இருக்கிறது, அதை வைத்து முதுகலைத் திட்டத்துக்கு இதைச் செய்ய முடியுமா, எந்த முறை நல்லது என்பது உங்கள் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. துகளைச் சிறிதாக்குவது எப்படி என்பது ஒன்று. சிறிதாக்கினால் வெப்பநிலை நிஜமாகவே இறங்குமா என்பது மற்றொன்று. இரண்டாவதை முதலில் பார்த்துவிடலாம். முறையைத் தேர்ந்தெடுப்பதே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான். நான் பல வருடங்களாக இந்தப் பொடிகளோடு வேலை செய்கிறவன். ஆனால் என் வேலை எல்லாம் ஆய்வகத்தில், கிராம் கணக்கில்தான். கிலோ கணக்கில் தொட்டி கட்டுகிறவர்கள் வேறு மாதிரி பேசுவார்கள், அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.

மெக்னீசியத்தை எல்லோரும் துரத்துவதற்குக் காரணம் எளிது. அதன் ஹைட்ரைடில் எடையில் 7.6 சதவீதம் ஹைட்ரஜன். ஒரு லிட்டர் ஹைட்ரைடுக்குள் ஏறக்குறைய 110 கிராம் ஹைட்ரஜன் அடங்குகிறது. மைனஸ் 253 டிகிரியில் திரவமாக வைத்தால்கூட ஒரு லிட்டரில் 71 கிராம்தான், 700 பார் அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 40 கிராம். உலோகமும் மலிவு. சிக்கல் பிணைப்பு வலிமையில் இருக்கிறது. ஒரு மோல் ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்க ஏறக்குறைய 75 கிலோஜூல் கொடுக்க வேண்டும். வாயுவாகும்போது கூடும் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, மோலுக்கு, கெல்வினுக்கு, 133 ஜூலை ஒட்டி வரும், இது எல்லா ஹைட்ரைடுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், ஒரு பார் அழுத்தத்தில் ஹைட்ரஜன் வெளிவரும் வெப்பநிலை 290 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்து நிற்கும். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், அறை வெப்பநிலையில் ஒரு பார் கிடைக்க 39 கிலோஜூல் அளவு பிணைப்புத்தான் இருக்கலாம். அதாவது பாதி. லாந்தனம்-நிக்கல் கலவை 31 கிலோஜூலோடு அறை வெப்பநிலையிலேயே வேலை செய்கிறது, ஆனால் அதில் ஹைட்ரஜன் 1.4 சதவீதம்தான். எடை ஒரு பொருட்டே இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட கனமான கலவைகள் நன்றாகவே ஓடுகின்றன. ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிக் கப்பல்களில் டைட்டானியம்-இரும்பு வகை ஹைட்ரைடுத் தொட்டிகள்தான் எரிபொருள் கலத்துக்கு ஹைட்ரஜன் தருகின்றன.

இப்போது நானோ. இங்கேதான் வேகமும் வெப்பவியக்கவியலும் (எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் வெளிவர முடியும் என்பது) ஒன்றோடொன்று குழப்பப்படுகின்றன. வேகத்தில் நானோவின் பலன் உறுதியானது, யாரும் மறுப்பதில்லை. பெரிய மெக்னீசியத் துகளுக்குள் ஹைட்ரஜன் நுழையும்போது வெளிப்புறத்தில் முதலில் ஹைட்ரைடு ஓடு உருவாகிறது. அந்த ஓட்டுக்குள் ஹைட்ரஜன் ஊர்ந்துதான் போகும், அதனால் உள்ளே இருக்கும் உலோகம் மாறாமலே நின்றுவிடும். துகளும் படிகமும் சிறிதானால் கடக்க வேண்டிய தூரம் குறைகிறது, படிக எல்லைகள் வழியாக வேகமாகவும் போகலாம். அடுத்த தடை மேற்பரப்பில் இருக்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அணுவாக உடைப்பதில் சுத்தமான மெக்னீசியம் மகா மந்தம். அதற்குத்தான் வினையூக்கி. நியோபியம் ஆக்ஸைடைச் சிறிதளவு சேர்த்து அரைத்த பொடி 300 டிகிரியில் சில நிமிடங்களில் நிறைந்து காலியாகும் என்பது 2003 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. அரைக்காத பொடிக்கு அதே வெப்பநிலையில் பல மணி நேரம் கொடுத்தாலும் பாதி வேலைகூட முடியாது.

வெப்பவியக்கவியல் வேறு கதை. 2005-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் குழு செய்த கணக்கீட்டின்படி, மெக்னீசியம் ஹைட்ரைடின் நிலைத்தன்மை குறிப்பிடும்படியாகக் குறைவது படிக அளவு 1.3 நானோமீட்டருக்குக் கீழே போன பிறகுதான். 0.9 நானோமீட்டரில் வெளியேற்ற வெப்பநிலை 200 டிகிரிக்கு இறங்கும் என்றார்கள். அதுவும் அறை வெப்பநிலை இல்லை, கவனியுங்கள். 2010-ல் ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் சுமார் 7 நானோமீட்டர் துகள்களைச் செய்து அளந்தபோது என்தால்பி, அதாவது ஹைட்ரஜனைப் பிரிக்கக் கொடுக்கும் அந்த 75 கிலோஜூல், குறைந்தது மோலுக்கு 3 கிலோஜூலுக்கும் சற்றுக் குறைவாகத்தான். என்ட்ரோபியும் கூடவே குறைந்ததால், ஒரு பார் வெப்பநிலையில் கிடைத்த லாபம் ஆறு டிகிரி அளவோடு முடிந்துபோனது. உங்கள் இயந்திரம் தரப்போவது 10 நானோமீட்டருக்கு மேற்பட்ட படிகங்கள். ஆகவே அரைத்த பொடியில் சமநிலை வெப்பநிலை மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள், மாறாது.

அப்படியானால் வெப்பநிலை 100 டிகிரி குறைந்தது என்று இத்தனை பேர் எழுதுகிறார்களே, அதெல்லாம் பொய்யா? பெரும்பாலும் பொய் இல்லை, அளந்த விதம் அப்படி. ஆர்கான் ஓட்டத்திலோ வெற்றிடத்திலோ பொடியைச் சூடாக்கி, ஹைட்ரஜன் எந்த வெப்பநிலையில் உச்சமாக வெளிவருகிறது என்று பார்க்கிறார்கள். அங்கே வெளிவரும் ஹைட்ரஜன் உடனுக்குடன் அடித்துச் செல்லப்படுவதால் எதிரழுத்தம், அதாவது பொடியைச் சுற்றி நிற்கும் ஹைட்ரஜனின் அழுத்தம், கிட்டத்தட்டப் பூஜ்ஜியம். வினைவேகம் அனுமதித்தால் 290 டிகிரிக்கு வெகு கீழேயும் ஹைட்ரைடு சிதையும். சாதாரண மெக்னீசியம் ஹைட்ரைடுக்கு 30 டிகிரியில் சமநிலை அழுத்தம் எவ்வளவு என்று மேலே சொன்ன எண்களை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு பாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு வரும். நல்ல வெற்றிடத்தில் அதுவும் வெளியேறத்தான் செய்யும். எரிபொருள் கலத்துக்கு அந்த அழுத்தத்தால் எந்தப் பயனும் இல்லை. அந்த உச்ச வெப்பநிலை சூடேற்றும் வேகத்தைப் பொறுத்தும் நகரும். எனவே ஒரு வெப்பநிலையைப் படித்தால், எந்த எதிரழுத்தத்தில் என்று உடனே தேடுங்கள். அது எழுதப்படவில்லை என்றால் அந்த எண்ணை ஒப்பீட்டுக்குக்கூட எடுத்துக்கொள்ள முடியாது.

உறுதியாகச் சொல்ல முடியாத இடம் 5 நானோமீட்டரும் அதற்குக் கீழும். 2020-ல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகக் குழு, தாங்கி (துகளைப் பிடித்து வைக்கும் வேறு பொருள்) எதுவும் இல்லாத 4-5 நானோமீட்டர் மெக்னீசியம் ஹைட்ரைடு 30 டிகிரியில் 6.7 சதவீதம் ஹைட்ரஜனை மீள்முறையில், அதாவது மறுபடி மறுபடி ஏற்றி இறக்கும்படி, தருவதாக அறிவித்தது. நீங்கள் படித்தது அநேகமாக இதைப் பற்றிய செய்தியாக இருக்கும். மேற்பரப்பு ஆற்றல், படிகக் குறைபாடு என்று காரணங்கள் சொல்லலாம். ஆனால் மேலே சொன்ன 7 நானோமீட்டர் அளவீட்டோடு இது எளிதில் ஒத்துப்போகவில்லை. நான் இதைத் திறந்த கேள்வியாகத்தான் வைத்திருக்கிறேன். இந்தத் துறைக்கு ஒரு பழைய பாடமும் உண்டு. 1998-ல் கார்பன் நுண்ணிழைகள் எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் ஹைட்ரஜனை உறிஞ்சுவதாக ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுக்க ஆய்வகங்கள் முயன்றும் அது யாருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். பந்து அரைவையில் தொடக்கப் பொருளாக உலோக மெக்னீசியத்தை எடுக்காதீர்கள், ஹைட்ரைடாகவே வாங்குங்கள். உலோகம் மிருதுவானது, பந்து அடிக்க அடிக்கத் தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஹைட்ரைடு நொறுங்கும். விற்பனைக்கு வரும் ஹைட்ரைடில் மாறாத உலோகம் கொஞ்சம் இருப்பது வழக்கம், அதை முதலிலேயே எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்கான் நிரம்பிய க்ளோவ் பாக்ஸில் (கையுறை வழியாக வேலை செய்யும் மூடிய பெட்டி), ஆக்ஸிஜனும் ஈரமும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கும்போது, குடுவையை நிரப்பி மூடி வெளியே எடுக்க வேண்டும். பொடியின் எடையைப் போல 10 முதல் 40 மடங்கு எடையுள்ள பந்துகள், நிமிடத்துக்கு 300-400 சுற்று, கால் மணி ஓடினால் கால் மணி ஓய்வு என்று வைத்துக்கொண்டு, மொத்தம் 5 முதல் 20 மணி நேரம் அரைப்பது பொதுவான வரம்பு. ஓய்வு கொடுக்காவிட்டால் குடுவை சூடாகி, சிறிதான படிகம் உள்ளேயே மறுபடி வளரும். 20 மணி நேரத்துக்கு மேலே போய்ப் பயன் இல்லை. படிக அளவு ஓர் எல்லையில் நின்றுவிடும், எஃகுக் குடுவையிலிருந்து இரும்பு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். வினையூக்கி சேர்க்காத மாதிரி திடீரென்று நன்றாக வேலை செய்தால், காரணம் அந்த இரும்பாகவும் இருக்கலாம்.

வினையூக்கி விஷயத்தில் நியோபியம் ஆக்ஸைடு, வனேடியம், டைட்டானியம் குளோரைடு ஆகியவை பழகிய பாதை. ஒரு மோல் சதவீதமே போதுமான தொடக்கம். நிறையப் போட்டால் அது செத்த எடை. ஆக்ஸைடாகப் போட்டது ஆக்ஸைடாகவே இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்; மெக்னீசியம் அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கும். கடைசியில் எந்த வடிவம் வேலை செய்கிறது என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. வினையூக்கி என்ன செய்யும் என்பதற்கு அலனேட் என்ற அலுமினிய ஹைட்ரைடுதான் நல்ல சாட்சி. சோடியம் அலனேட்டில் போன ஹைட்ரஜனை எளிய நிலைமைகளில் திரும்ப ஏற்ற முடியாது என்றே நினைத்திருந்தார்கள். 1997-ல் ஜெர்மனியின் மூல்ஹைமில் போக்டானோவிச்சும் ஷ்விக்கார்டியும் கொஞ்சம் டைட்டானியம் சேர்த்து அதை மீள்முறை ஆக்கினார்கள். நானோ என்ற சொல்லே அங்கே தேவைப்படவில்லை.

அரைத்து முடித்ததும் எல்லோரும் செய்யும் ஒரு தவறு உண்டு. எக்ஸ்-கதிர் உச்சம் அகன்றிருக்கும், உச்சத்தின் அகலத்திலிருந்து படிக அளவைத் தரும் ஷெரர் சமன்பாட்டில் போட்டால் 12 நானோமீட்டர் என்று வரும், உடனே நானோ துகள் என்று எழுதிவிடுவார்கள். அது படிகத்தின் அளவு. அதே பொடியை மின்னணு நுண்ணோக்கியில் பாருங்கள், மைக்ரோமீட்டர் அளவுத் துகள்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். ஒவ்வொரு துகளுக்குள்ளும் ஆயிரக்கணக்கான குட்டிப் படிகங்கள். அரைவை தருவது இதுதான், நானோ படிகப் பொருள். உச்சம் அகல்வதில் அரைவையால் வந்த திரிபுக்கும் கருவிக்கும் பங்குண்டு, அவற்றைக் கழிக்காமல் அளவைச் சொல்லக் கூடாது.

நிஜமான நானோ துகள் வேண்டுமென்றால் வேதி வழிகள்தான். அவற்றில் உங்கள் இயந்திரத்துக்கு மிக நெருக்கமானது, மெக்னீசியம் குளோரைடையும் லித்தியம் ஹைட்ரைடையும் சேர்த்து அரைப்பது. வினையில் மெக்னீசியம் ஹைட்ரைடும் லித்தியம் குளோரைடும் உருவாகின்றன. கூடுதல் உப்பை முன்பே கலந்து வைத்தால் துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் பிரிந்தே வளரும். கர்ட்டின் குழுவின் 7 நானோமீட்டர் துகள் இப்படி வந்ததுதான். அழகான முறை. ஆனால் உப்பையும் சேர்த்து எடை போடுங்கள்: கூடுதல் உப்பே போடாவிட்டாலும் ஹைட்ரஜன் 1.8 சதவீதத்துக்கு இறங்கிவிடும். உப்பை டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானில் கழுவலாம், கழுவும்போது துகள் காற்றுப்படாமல் காப்பதுதான் பாடு. கரைசலிலேயே செய்வது இன்னொரு வழி. 2011-ல் பெர்க்லி ஆய்வகத்தில் கரிம மெக்னீசியம் சேர்மத்தை லித்தியம் நாஃப்தலைடால் ஒடுக்கி, அக்ரிலிக் பாலிமருக்குள் 5 நானோமீட்டர் மெக்னீசியம் படிகங்களை உருவாக்கினார்கள். ஹைட்ரஜன் பாலிமருக்குள் புகும், ஆக்ஸிஜனும் நீரும் புகாது என்பது அதன் சாமர்த்தியம். 200 டிகிரியில் அரை மணிக்குள் நிரம்பியது.

மூன்றாவது வழி நுண்துளைக்குள் அடைப்பது. துளையுள்ள கார்பனை டைபியூட்டைல் மெக்னீசியம் கரைசலில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி, ஹைட்ரஜன் அழுத்தத்தில் சூடாக்கினால் துளைக்குள்ளேயே ஹைட்ரைடு உருவாகும். அலனேட் 180 டிகிரி பக்கம் உருகுவதால், ஹைட்ரஜன் அழுத்தத்தில் உருக்கி நேராகத் துளைக்குள் இறக்கலாம். சிலிக்காவை எடுக்காதீர்கள், மெக்னீசியம் அதையும் ஒடுக்கி, சிலிசைடும் ஆக்ஸைடுமாகப் போய்விடும். கார்பனையும் வெற்றிடத்தில் 300 டிகிரிக்கு மேல் ஓர் இரவு காயவைக்க வேண்டும், இல்லையென்றால் அதில் ஒட்டியிருக்கும் ஈரமே உங்கள் ஹைட்ரைடைத் தின்றுவிடும். அடைப்பதன் பெரிய லாபம், 300 டிகிரியில் பலமுறை ஏற்றி இறக்கினாலும் துகள் ஒன்றுசேர்ந்து வளராது என்பது. அரைத்த பொடியில் சில சுற்றுகளிலேயே படிகம் பெரிதாகிவிடும். வினையூக்கி இருப்பதால்தான் வேகம் தங்குகிறது. நஷ்டம், தாங்கியின் எடை. பாதிக்குப் பாதி அடைத்தாலே 7.6 சதவீதம் 3.8 ஆகிவிடும். அமெரிக்க எரிசக்தித் துறை 2025-க்கு வைத்த இலக்கு 5.5 சதவீதம், அதுவும் தொட்டி, குழாய், வால்வு எல்லாம் சேர்த்த எடைக்கு. ஆவிப்படிவு, மெல்லிய படலம் போன்றவையும் உண்டு. அடிப்படை ஆய்வுக்கு நல்லவை, சேமிக்கும் அளவுக்குப் பொருள் கிடைக்காது.

எந்த வழியானாலும் எதிரி ஆக்ஸிஜன்தான். 5 நானோமீட்டர் விட்டமுள்ள துகளில் 1 நானோமீட்டர் தடிப்புக்கு ஆக்ஸைடு படிந்தால், உள்ளே மிச்சம் 3 நானோமீட்டர். கன அளவில் 22 சதவீதம்தான் மிஞ்சுகிறது. மைக்ரோமீட்டர் துகளில் கண்டுகொள்ளத் தேவையே இல்லாத படலம், நானோவில் முக்கால் பங்குக்கு மேல் பொருளை விழுங்கிவிடுகிறது. ஹைட்ரஜன் வாயுவும் 99.999 சதவீதம் தூய்மையாக இருக்க வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு முறையும் அதிலிருக்கும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேரும்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. அரைத்த மெக்னீசியம் பொடி காற்றுப் பட்டதும் தானாகத் தீப்பிடிக்கக்கூடும். க்ளோவ் பாக்ஸ் இல்லாவிட்டால் இந்தத் திட்டத்தை எடுக்காதீர்கள், பையில் ஆர்கான் நிரப்பிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குடுவையை வெளியே திறக்கவே கூடாது. தீ பிடித்தால் தண்ணீரும் கூடாது, கார்பன் டை ஆக்ஸைடு அணைப்பானும் கூடாது. எரியும் மெக்னீசியம் இரண்டிலிருந்தும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு இன்னும் எரியும். உலோகத் தீக்கான உலர்பொடி அணைப்பானோ, நன்கு காய்ந்த மணலோ கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஹைட்ரஜன் அழுத்தத்திலேயே அரைக்கும் முறை ஒன்றும் உண்டு. அதற்கென்று சான்றளித்த உயர் அழுத்தக் குடுவை இல்லாமல் அதன் பக்கமே போகாதீர்கள்.

அளவீட்டுக்கு சீவர்ட்ஸ் கருவிதான் பிரதானம்; அழுத்த மாற்றத்தை வைத்து ஹைட்ரஜனின் அளவைக் கணக்கிடுவது அது. நூறு மில்லிகிராம் மாதிரியை வைத்து அளந்தால், சிறு கசிவும் அறை வெப்பநிலையின் ஏற்ற இறக்கமும் ஹைட்ரஜனாகத் தோன்றிவிடும். அரை கிராமாவது எடுங்கள். மாதிரியே இல்லாமல் அதே வெப்பநிலையில் ஒரு வெற்று ஓட்டம், நன்கு தெரிந்த லாந்தனம்-நிக்கல் மாதிரி ஒன்றில் ஒரு சரிபார்ப்பு, இவை இரண்டும் முடிந்த பிறகுதான் உங்கள் பொடி. டிரான்ஸ்மிஷன் நுண்ணோக்கியில் ஹைட்ரைடைப் பார்க்கும்போது அந்த மின்னணுக் கற்றையே அதைச் சிதைக்கும். படத்தில் தெரிவது பெரும்பாலும் ஹைட்ரஜன் போய்விட்ட உலோகம்.

வாகனத் தொட்டி என்ற கனவோடு இதற்குள் வருகிறீர்கள் என்றால், ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 5 கிலோ ஹைட்ரஜன் என்றால் ஏறக்குறைய 2,500 மோல். மோலுக்கு 75 கிலோஜூல் வீதம் ஏற்றும்போது 186 மெகாஜூல் வெப்பம் வெளியாகும். ஐந்து நிமிடத்தில் நிரப்ப வேண்டுமானால் 600 கிலோவாட்டுக்கும் மேல் வெப்பத்தை வெளியே எடுத்தாக வேண்டும். பொடியோ வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. இறக்கும்போது அதே வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஹைட்ரஜனின் எரி ஆற்றலில் அது 30 சதவீதத்தைத் தாண்டும். துகளை நானோ அளவுக்குக் கொண்டுபோனாலும் இந்தக் கணக்கு பெரிதாக அசையாது. வெப்பம் வீணாகும் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் நிலையாக வைக்கும் சேமிப்புக்கு மெக்னீசியம் பொருந்தும், காருக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. இதை ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் திட்டத்தை இப்படி அமைப்பேன். அரைக்காத ஹைட்ரைடு, வினையூக்கி இல்லாமல் அரைத்தது, ஒரு மோல் சதவீதம் நியோபியம் ஆக்ஸைடோடு அரைத்தது என்று மூன்று மாதிரிகள். மூன்றுக்கும் 300, 325, 350 டிகிரிகளில் அழுத்தம்-உட்கூறு சமவெப்பக் கோடுகளை (ஒரே வெப்பநிலையில் அழுத்தத்துக்கு ஏற்ப உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் எப்படி மாறுகிறது என்பதை) எடுத்து, அதிலிருந்து என்தால்பியையும் என்ட்ரோபியையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். அப்புறம் ஒரே வெப்பநிலையில், ஒரே எதிரழுத்தத்தில் வேகத்தை ஒப்பிடுங்கள். கடைசியாக 20 சுற்றுகள் ஓட்டி, முன்னும் பின்னும் படிக அளவைப் பாருங்கள். என்தால்பி மூன்றிலும் அளவீட்டுப் பிழைக்குள் ஒன்றாகவே வரும், வேகம் மட்டும் வெகுவாக மாறும் என்பது என் எதிர்பார்ப்பு. மாறாக என்தால்பி கணிசமாக இறங்கியதாக வந்தால், கட்டுரை எழுத உட்காரும் முன் கருவியின் கொள்ளளவை ஹீலியத்தால் மறுபடி அளந்து, புதிதாக அரைத்த இன்னொரு மாதிரியிலும் அதே எண் வருகிறதா என்று பாருங்கள்.